பக்கவாட்டுக் கண்ணாடி

புருவத்தில் தையல் போட்ட மறுநாள் காலை அவள் நோட்டை எடுத்துப் பதினேழாவது குறிப்பை எழுதினாள். தேதி, நேரம், முன்பு என்ன நடந்தது, என்ன செய்தார், பிறகு என்ன ஆனது என்று ஐந்து கட்டங்கள். கோடு போட்டதும் அவள்தான். ஆஸ்பத்திரி ரெக்கார்டு ரூமில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தவள். கோடு போடாத தாளில் எழுத அவளுக்குக் கை வராது.

"ஞாயிற்றுக்கிழமை. மாலை நாலு பத்து. மாத்திரை கொடுக்க நான் அறைக்குள் வந்தேன். தண்ணீர் குடித்ததும் டம்ளரை வாங்கப் போனேன். தர மறுத்தார். இழுத்தேன். டம்ளரால் முகத்தில் அடித்தார். மூன்று தையல். பிறகு அழுதார்."

எழுதி முடித்துவிட்டு, 'அழுதார்' என்பது கட்டத்துக்குள் அடங்கியிருக்கிறதா என்று பார்த்தாள். அடங்கியிருந்தது.

அவள் கணவர் நில அளவையாளராக இருந்தவர். ஆபீசில் எல்லோருக்கும் அவர் 'சங்கிலி'தான். புதுக் கருவிகள் வந்த பிறகும், கொஞ்சம் சந்தேகம் வந்தால் போதும், பழைய அளவுச் சங்கிலியைத் தோளில் போட்டுக்கொண்டு போய் இன்னொரு தடவை அளந்துவிட்டு வருவாராம். எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு காலை, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தவர் பாதிப் பொத்தானோடு சரிந்தார். வலது கையும் காலும் போயின. பேச்சும் போனது. மிஞ்சியது ஒரே ஒரு சொல், "அதான்." பசித்தாலும் அதான், வலித்தாலும் அதான், வேண்டாம் என்பதற்கும் அதான். நாம் பேசுவது அவருக்குப் புரிகிறது, திருப்பிச் சொல்லத்தான் வழி இல்லை என்றார் டாக்டர். கோபம் அடிக்கடி வரும், எதனால் வருகிறது என்று குறித்துவையுங்கள் என்றும் சொன்னார். நோட்டு அப்படி வந்ததுதான்.

முதல் நாலு மாதத்தில் ஐந்து குறிப்புகள். கடைசி மூன்று வாரத்தில் மட்டும் பதினொன்று.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை மகன் நேரில் பார்த்துவிட்டான். அதுவரை அவனுக்கு இது போனில் கேட்ட செய்தி. மூன்று மணி நேரத் தொலைவில் ஒரு பள்ளியில் அவன் விளையாட்டு ஆசிரியர். அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்த் தையல் போட்டுக்கொண்டு வந்தவன், செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடியே பராமரிப்பு இல்லத்துக்குப் போன் செய்தான்.

"சனிக்கிழமை ஒரு இடம் காலியாகுதாம். காலைல பத்து மணிக்கு வண்டி வரும். சரின்னு சொல்லிட்டேன்."

"என்னை ஒரு வார்த்தை கேக்காமயா?"

"உன்னைக் கேட்டா என்ன சொல்லுவன்னு எனக்குத் தெரியாதா? தெரிஞ்ச பதிலுக்கு எதுக்குக் கேள்வி?"

"அவரு வேணும்னு செய்யலடா."

"வேணும்னு செஞ்சா மூணு தையல், வேணும்னு செய்யலன்னா ஒண்ணுன்னு ஏதாவது கணக்கு இருக்கா? அம்மா, ஒரு இஞ்ச் கீழ பட்டிருந்தா கண்ணு போயிருக்கும். அதையும் நோட்டுல எழுதுவியா? எந்தக் கண்ணால பார்த்து எழுதுவ?"

அவன் குரல் இறங்கியது.

"எங்க ஸ்கூல்ல ஒருத்தன் இன்னொருத்தன் மண்டைய உடைச்சா, நான் முதல்ல காரணம் கேக்க மாட்டேன். பிரிச்சு உட்கார வைப்பேன். காரணம் அப்புறம். இல்லன்னா அடுத்த மண்டையும் உடையும்." கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னான். "உன் நோட்டோட நகல் ஒண்ணு கேட்டாங்க. எப்பெப்ப கோபம் வருதுன்னு தெரிஞ்சா அங்க இருக்கிறவங்களுக்கு வசதியாம்."

ஆக, நாற்பத்து நாலு வருஷம் ஒரே வீட்டில் இருந்தவரை வெளியே அனுப்ப அவளுடைய கையெழுத்தே சாட்சி.

செவ்வாய்க்கிழமை மதியம் நகல் எடுக்க உட்கார்ந்தாள். ரெக்கார்டு ரூமில் புதிதாகச் சேருகிறவர்களிடம் அவள் ஒன்று சொல்வதுண்டு: அடுத்தடுத்த பத்துக் குறிப்புகள் ஒரே மாதிரி ஆரம்பித்தால், எழுதினவர் படுக்கைப் பக்கம் போகவே இல்லை என்று அர்த்தம், திருப்பி அனுப்புங்கள். இப்போது 'முன்பு என்ன நடந்தது' என்ற கட்டத்தை மேலிருந்து கீழாக நகல் எடுத்துக்கொண்டே வந்தவளின் பேனா ஒன்பதாவது வரியில் நின்றது. நான் அறைக்குள் வந்தேன். நான் அறைக்குள் வந்தேன். மாத்திரை கொடுக்க நான் அறைக்குள் வந்தேன். துணி மடிக்க நான் அறைக்குள் வந்தேன். பதினேழும் அப்படியே.

இவளே ரெக்கார்டு ரூமில் இருந்திருந்தால் அந்த நோட்டைத் திருப்பி அனுப்பியிருப்பாள். இவள் உள்ளே வருவதற்கு முன்னால் அந்த அறையில் என்ன நடந்தது என்று அதில் ஒரு வரி இல்லை.

அல்லது, அவர் வெறுப்பதே அவள் உள்ளே வருவதைத்தானோ? அந்த எண்ணம் வந்ததும் பேனாவை மூடிவைத்தாள்.

புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவள் ஒரு முக்காலியை எடுத்துக்கொண்டு போய் அவருடைய சக்கர நாற்காலிக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். அவர் திரும்பிப் பார்த்தார். "அதான்?" என்றார்.

"ஒண்ணுமில்லைங்க. சும்மா உட்கார வந்தேன். உட்காரக் கூடாதா?"

அவர் மீன் தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தொட்டி வாங்கி ஐந்து மாதமாகிறது. பிசியோதெரபி செய்ய வரும் பெண்தான், பார்த்துக்கொண்டிருந்தால் மனசு அமைதியாகும் என்று யோசனை சொன்னவள். மகன் நாலடித் தொட்டியும் ஆறு ஏஞ்சல் மீன்களும் வாங்கி வந்தான். வந்தபோது பட்டன் அளவில் இருந்தவை இப்போது உள்ளங்கை அளவுக்கு வளர்ந்துவிட்டன. தட்டையான உடம்பு, மேலும் கீழும் பாய்மரம் மாதிரி துடுப்பு. பெரிய கறுப்பு ஒன்று எல்லாவற்றையும் விரட்டும். அதற்கு பிசியோ 'மேனேஜர்' என்று பெயர் வைத்தாள். வளராமல் நின்றுபோன பழுப்புப் புள்ளி போட்ட ஒன்று 'கடைக்குட்டி'. மற்றவற்றில் இரண்டு வெள்ளிநிறத்தில் கோடு போட்டவை, எந்நேரமும் ஜோடியாகவே திரிபவை. மீதி இரண்டுக்கும் பெயர் இல்லை.

மூன்று வாரத்துக்கு முன்னால் கடைக்குட்டியின் வால் கிழிந்திருப்பதை அவள் பார்த்தாள். இரை போடும்போதெல்லாம் விரட்டுவது மேனேஜர்தான் என்பது கண்கூடு. மீன்கடைக்காரரைக் கூப்பிட்டாள். அவர் வலையோடு வந்து மேனேஜரைப் பிடித்துக்கொண்டு போனார். அன்று கணவர் மீன்கடைக்காரரின் வலையை இடது கையால் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. நோட்டில் ஏழாவது குறிப்பு அது: "மீன்கடைக்காரர் மேல் கோபம். காரணம் தெரியவில்லை."

இப்போது முக்காலியில் உட்கார்ந்ததும் அவளுக்கு முதலில் தெரிந்தது, தொட்டி வேறு தொட்டியாக இருக்கிறது என்பது. தொட்டி சுவரோரமாக நீளவாக்கில் இருந்தது. அறைக்குள் வருகிறவர்களுக்குத் தெரிவது அதன் அகலமான முன்கண்ணாடி. ஜன்னல் வெளிச்சத்துக்காக அவருடைய நாற்காலியைத் தொட்டியின் இடது கோடியில் போட்டிருந்தார்கள். அங்கிருந்து அவர் பார்ப்பது குறுகலான பக்கவாட்டுக் கண்ணாடி வழியாக. தொட்டிக்குள் இடது பக்கம் ஒரு பெரிய மரக்கட்டை நின்றது. அதற்குப் பின்னால் ஃபில்டர் குழாயும் ஹீட்டரும். முன்னால் நிற்பவர்களுக்குக் கட்டைதான் தெரியும். இங்கிருந்து பார்த்தால் கட்டைக்கும் பின்சுவருக்கும் நடுவில் ஒரு சந்து தெரிந்தது.

அந்தச் சந்தில், ஹீட்டரை ஒட்டி, கடைக்குட்டி வாயை மேலே தூக்கிக்கொண்டு சாய்ந்து நின்றது. துடுப்புகளை உடம்போடு ஒடுக்கிவைத்திருந்தது. வால் பாதிதான் மிச்சம். விலாவில் செதில் உதிர்ந்து ஒரு வெள்ளைத் திட்டு.

ஃபில்டர் குழாயில் ரவை ஒட்டினது போல் முட்டைகள். வெள்ளி ஜோடியில் ஒன்று முட்டைகளுக்கு முன்னால் நின்று துடுப்பால் விசிறிக்கொண்டிருந்தது. இன்னொன்று கடைக்குட்டியைப் பார்த்துத் திரும்பியது. செவுளை உப்பியது. உடம்பைப் பக்கவாட்டில் விரித்துக் காட்டியது. பிறகு ஒரே பாய்ச்சல். கடைக்குட்டி ஹீட்டரில் மோதி மேலே போய், போக வேறு இடமில்லாமல் அதே மூலைக்கு இறங்கியது. விசிறிக்கொண்டிருந்ததும் வேலையை விட்டுவிட்டு வந்து ஒரு கடி கடித்தது.

அவர் இடது கையில் இருந்த டம்ளரால் கண்ணாடியைத் தட்டினார். டக், டக், டக்.

வெள்ளி ஜோடி திடுக்கிட்டுக் குழாய்க்குப் பின்னால் போனது. கடைக்குட்டி அசையாமல் நின்றது. ஒரு நிமிஷம் போல அமைதி. பிறகு மறுபடி செவுள் உப்பியது. மறுபடி டக், டக்.

அவள் கையைத் தூக்கியேவிட்டாள், வழக்கம்போல டம்ளரைப் பிடுங்க. கை பாதியில் நின்றது.

கண்ணாடியைத் தட்டக் கூடாது, மீன் மிரண்டு செத்துப்போகும் என்று மீன்கடைக்காரர் முதல் நாளே சொல்லியிருந்தார். காகிதத்தில் எழுதித் தொட்டியிலேயே ஒட்டியும் வைத்திருந்தாள். அதனால்தான் தண்ணீர் குடித்த உடனே டம்ளரை வாங்கிவிடுவாள். டம்ளர் இல்லாதபோது அவர் கரண்டியால் தட்டினார், அதையும் வாங்கினாள். டிவி ரிமோட்டால் தட்டினார், அதையும் வாங்கினாள். ஞாயிற்றுக்கிழமையும் தண்ணீர் குடித்த டம்ளரால் தட்டத்தான் அவர் அதைத் தராமல் வைத்துக்கொண்டிருக்க வேண்டும். அவருடைய சட்டைக் கையைப் பிடித்து இழுத்து, "வேண்டாம்னா கேக்க மாட்டீங்களா?" என்று சின்னப் பிள்ளையை அதட்டுவது போல் அதட்டியது நினைவுக்கு வந்தது. அது நோட்டில் இல்லை.

பதினொரு மணிக்கு பிசியோ வந்தாள்.

"என்னக்கா, இன்னைக்கு ரெண்டு பேரும் சினிமாவுக்கு வந்த மாதிரி உட்கார்ந்திருக்கீங்க? எனக்கு ஒரு டிக்கெட் கிடைக்குமா?"

"இங்க வா. தலையைக் குனி. இன்னும் குனி. சாருடைய கண்ணு மட்டத்துக்கு."

பிசியோ குனிந்து பார்த்தாள். "அடப்பாவிகளா," என்றாள். "நாம அந்த மேனேஜரைப் போய்க் குத்தம் சொன்னோமே. இந்தப் புதுமாப்பிள்ளையும் பொண்ணும்தான் இந்தப் போடு போடுதுங்களா? எங்க வீட்டுச் சமையல்கட்டே தேவலாம் போல இருக்கு." பிறகு அவரைப் பார்த்து, "சர்வேயர் சார், இத்தனை நாளா இதையா பார்த்துக்கிட்டிருந்தீங்க? காலைலேருந்து சாயங்காலம் வரைக்கும்?"

"அதான்," என்றார் அவர். கண்களில் நீர் முட்டிக்கொண்டு நின்றது. "அதான், அதான், அதான்."

மறுநாள் மீன்கடைக்காரர் வந்தார். பக்கவாட்டில் குனிந்து ஒரு முறை பார்த்ததுமே தலையில் கை வைத்துக்கொண்டார்.

"தப்பு என்மேலதான் மேடம். நீங்க கறுப்புதான் விரட்டுதுன்னு சொன்னீங்க, நானும் முன்னால நின்னு பார்த்துட்டு தூக்கிட்டுப் போயிட்டேன். கறுப்பு இருந்த வரைக்கும் இந்த ஜோடி வாலை ஆட்டியிருக்காது. அது எல்லாரையும் கொஞ்சம் கொஞ்சம் மிரட்டி வச்சிருக்கும். அது போனதும் இதுங்க ராஜ்யம். முட்டை வச்சிருச்சுன்னா சொல்லவே வேணாம்."

"எத்தனை நாளைக்கு ஒரு தடவை முட்டை வைக்கும்?"

"பன்னண்டு, பதினஞ்சு நாள். பல தடவை அதுங்களே தின்னுட்டுத் திரும்பவும் வைக்கும்."

அவள் நோட்டை எடுத்துவந்து தேதிகளைப் பார்த்தாள். குறிப்புகள் கொத்துக் கொத்தாக இருந்தன. மூன்று நாள் நெருக்கமாக, பிறகு இடைவெளி, மறுபடி நெருக்கமாக. பதினேழில் பதினொன்று பொருந்தியது. ஆறு எந்தக் கணக்கிலும் சேரவில்லை. அந்த ஆறையும் அவள் திரும்பத் திரும்பப் பார்த்தாள். ஒன்று, குளிக்க வைக்கும்போது அவள் தோளைக் கடித்தது. அந்த மாதம் தொட்டியே வாங்கியிருக்கவில்லை.

"கறுப்பைத் திருப்பிக் கொண்டுவந்து விட்டா?" என்று கேட்டாள்.

"இப்ப விட்டா போர்தான். தடுப்பு போடலாம்."

மீன்கடைக்காரர் பிளாஸ்டிக் வலைத் தடுப்பைத் தொட்டியின் நடுவில் இறக்கப் போனார். "அதான்!" என்று அவர் கத்தினார். கடைக்காரர் பயந்துபோய் ஒரு அடி பின்வாங்கினார். வலையைப் பிடித்துக்கொண்டு விடாத கை அவருக்கும் ஞாபகம் இருந்தது.

"பொறுங்க. என்ன சொல்றார்னு பார்ப்போம்," என்றாள் அவள்.

அவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டார். இடது கட்டைவிரலை நீட்டி, தொட்டிக்கு நேராகப் பிடித்து, மெல்ல வலப்பக்கம் நகர்த்தி ஓரிடத்தில் நிறுத்தினார். கடைக்காரர் தடுப்பை அங்கே கொண்டுபோனார். விரல் இன்னும் கொஞ்சம் நகர்ந்தது. தடுப்பும் நகர்ந்தது. பிறகு அவர் மரக்கட்டையைக் காட்டினார், தடுப்பைக் காட்டினார், உள்ளங்கையைக் குறுக்கே வைத்தார். கடைக்காரர் கடைக்குட்டியை வலையால் மறுபாதிக்கு மாற்றிவிட்டு, கட்டையை எடுத்துத் தடுப்பை ஒட்டிச் சாய்த்து வைத்ததும், இந்தப் பக்கத்து மீனுக்கு அந்தப் பக்கம் தெரியவில்லை.

கடைக்காரர் நிமிர்ந்தார். "சார் சொல்றது சரிதான். வலை போட்டாலும் ஒண்ணு மூஞ்சிய ஒண்ணு பார்த்துக்கிட்டே இருந்தா அதுங்களுக்குக் கோபம் ஆறாது. இது எனக்கே தோணல பாருங்க."

"முப்பது வருஷம் ரெண்டு பேருக்கு நடுவுல கல்லு நட்டவர்," என்றாள் அவள். மாதக்கணக்கில் கேட்காத சிரிப்பு ஒன்று அவர் தொண்டையிலிருந்து வந்தது. பாதி முகம்தான் சிரித்தது.

மதியத்துக்குள் கடைக்குட்டி மறுபாதியில் நடுத்தண்ணீருக்கு வந்தது. வெள்ளிக்கிழமை இரை எடுத்தது. டம்ளர் அவர் பக்கத்திலேயே இருந்தது, அவர் தொடவில்லை. இரண்டு நாளும் நோட்டில் எழுத எதுவும் இல்லை. சனிக்கிழமை மகனிடம் சொல்ல வேண்டியதை அவள் மனசுக்குள் வரிசைப்படுத்தி வைத்துக்கொண்டாள்.

மகன் எட்டு மணிக்கே வந்துவிட்டான். அவள் அவனை முக்காலியில் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னாள். சந்து, முட்டை, டம்ளர், பதினேழில் பதினொன்று. அவன் குறுக்கே பேசாமல் கேட்டான்.

"ஆக, ஒரு மீனுக்காக உன் மண்டைய உடைச்சிருக்கார்."

"நான்தான்டா அவர் கையைப் பிடிச்சு இழுத்தேன்."

"மிச்சம் ஆறு?"

"அது... தெரியல."

"ரெண்டு நாள் சும்மா இருக்கார்மா. ரெண்டு நாள். முட்டை திரும்பவும் வைக்கும்னு நீயே சொல்ற." அவன் எழுந்தான். குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. "நீ கண்டுபிடிச்சது பெரிய விஷயம். அதை அங்க சொல்லுவோம். ஆனா இன்னைக்கு வண்டி வரும்."

அலமாரியைத் திறந்து அப்பாவின் சட்டைகளை எடுத்து, கட்டில்மேல் பையை வைத்து அடுக்கினான். ஒன்று, இரண்டு, மூன்று. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். நாலாவது சட்டையை எடுத்துவந்து, "கையத் தூக்குங்கப்பா, இதைப் போட்டுக்கலாம்," என்று அவன் குனிந்தபோது, அவர் இடது கை மேலே வந்தது. பளார் என்ற சத்தம், காபி போடப் போயிருந்த அவளுக்குச் சமையலறை வரை கேட்டது.

அவள் ஓடிவந்தாள். மகன் உதட்டைத் துடைத்துக்கொண்டிருந்தான். தொட்டியில் எல்லா மீனும் அது அதன் பாதியில் நிதானமாகத் திரிந்துகொண்டிருந்தது.

"சொல்லு," என்றான் மகன். "இதுக்கு எந்த மீன்?"

அவள் கட்டிலையும் பையையும் பார்த்தாள். "அவர் கண் முன்னாடி வச்சா பை கட்டுன?"

"பின்ன எங்க வச்சுக் கட்டணும்?"

"அவர்கிட்ட சொன்னியா, எங்க போறோம்னு? ஒரு வார்த்தை?"

"சொன்னா அதான்னு சொல்வார்."

"சொல்லட்டும்டா. நீ சொல்லு. நானும் இந்த ஆறு நாள்ல சொல்லல. மீனைப் பத்தி எவ்வளவோ பேசினேன், இதைச் சொல்லல."

மகன் கையிலிருந்த சட்டையைக் கட்டில்மேல் போட்டான். பிறகு நாற்காலிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தான். அடிபட்ட உதடு வீங்கத் தொடங்கியிருந்தது.

"அப்பா, உங்களை வேற ஒரு இடத்துல கொண்டுபோய் விடலாம்னு இருக்கோம். பார்த்துக்க ஆள் இருக்காங்க. இங்க அம்மாவால முடியல. அம்மாவுக்கு அடி படுது." அவன் நிறுத்தினான். "எனக்குப் பயமா இருக்குப்பா. உங்களப் பார்த்தா பயம்."

அவர் மகனின் உதட்டைப் பார்த்தார். பிறகு தலையைத் திருப்பி, பக்கத்தில் நின்ற மனைவியின் புருவத்தைப் பார்த்தார். கறுப்பு நூலின் மூன்று முடிச்சுகள். இடது கையை மெல்லத் தூக்கி, விரல் நுனியால் தொட்டுப் பார்க்க நீட்டினார்.

அவள் தலை பின்னால் போனது.

அவள் நினைத்துச் செய்ததில்லை. உடம்பு தானாகச் செய்தது. அடுத்த நொடியே முகத்தை முன்னால் கொண்டுவந்தாள். ஆனால் மூன்று பேரும் பார்த்துவிட்டார்கள். நீட்டிய கை காற்றில் நின்றது. பிறகு இறங்கியது.

"இல்லைங்க, கூச்சத்துல…" என்றாள். அவளுக்கே அது பொய்யாகக் கேட்டது.

அவர் வெகு நேரம் அவளைப் பார்த்தார். அளவு சரியா என்று இரண்டாம் முறை பார்க்கிற பார்வை. பிறகு கையை நீட்டிக் கட்டில்மேல் இருந்த பையின் வாரைப் பிடித்தார். இழுத்தார். பை மடியில் வந்து விழுந்தது. அதன்மேல் கையை வைத்துக்கொண்டு, தாழ்ந்த குரலில், "அதான்," என்றார்.

"வேண்டாங்க," என்றாள் அவள். "நான் அனுப்ப மாட்டேன். உங்களுக்கு என்ன வேணும்னு இப்பதானே எனக்குப் பார்க்கத் தெரிஞ்சிருக்கு. இன்னும் பத்து நாள் கொடுங்க."

அவர் தலையை ஆட்டினார். இல்லை என்கிற ஆட்டல். அதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை.

மகன் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றான். தெருவில் யாரோ இரும்புக் கதவைத் தள்ளும் சத்தம். அவன் திரும்பாமலே சொன்னான்: "ஒரு மாசம்மா. ஒரு மாசம் பார்க்கலாம். அங்க பிடிக்கலன்னா நானே போய்க் கூட்டிட்டு வரேன்."

"பிடிக்கலன்னு யார் சொல்லுவா? எப்படிச் சொல்லுவார்?"

அவன் கட்டில்மேல் கிடந்த சட்டையை எடுத்து மடித்தான்.

அவள் மேசைக்குப் போய், வெள்ளிக்கிழமை எழுதி முடித்திருந்த நகலை எடுத்தாள். பதினெட்டாவது வரியை எழுதினாள்: "சனிக்கிழமை. காலை எட்டு ஐம்பது. அவரிடம் சொல்லாமல் அவர் முன்னாலேயே பை கட்டினோம். மகனை அடித்தார்." தாளின் தலைப்பில் மிச்சமிருந்த இடத்தில் இன்னும் ஒன்று சேர்த்தாள்: "பார்த்துக்கொள்கிறவர்களுக்கு. கோபம் வந்தது என்று எழுதுமுன் அவர் பக்கத்தில் அவர் உயரத்தில் உட்கார்ந்து, அவர் எதைப் பார்க்கிறார் என்று பாருங்கள். கையில் இருப்பதைப் பிடுங்காதீர்கள். சில சமயம் காரணம் தெரியாது." கடைசி வாக்கியத்தை அடிக்கலாமா என்று யோசித்தாள். உண்மை என்பதால் விட்டுவிட்டாள்.

பத்து மணிக்குச் சரியாக வண்டி வந்தது. மகனும் டிரைவருமாக நாற்காலியைச் சரிவுப் பலகையில் ஏற்றினார்கள். அவர் வீட்டை ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பையை மட்டும் யாரிடமும் கொடுக்கவில்லை.

"கூட யார் வர்றீங்க?" என்று கேட்டார் டிரைவர்.

"நான் வர்றேன்," என்றாள்.

"நீ முன்சீட்ல உட்காரும்மா," என்றான் மகன். "அப்பா பக்கத்துல நான் இருக்கேன்."

அவள் அவனைத் தாண்டிப் பின்னால் ஏறினாள். நாற்காலியின் இரு புறமும் இருக்கை இருந்தது. வலப்புறம் அசையாத கை. அவள் இடப்புறம் போய் உட்கார்ந்தாள். அவர் கை பையிலிருந்து இறங்கி, நாற்காலிப் பிடிக்கும் அவள் முழங்காலுக்கும் நடுவில் தொங்கியது. அவள் அதைப் பிடிக்கவில்லை, முழங்காலை நகர்த்தவும் இல்லை. வண்டி தெருமுனை திரும்பும் வரை அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.